யாருடைய வாய்க்கால்?

(மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துப் பொந்தியானில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



'குடிமக்களும் மக்கள் பிரதிநிதிகளும்' என்ற தலைப்பை எனக்குக் கொடுத்தார்கள். பெரிய தலைப்பு. நான் பள்ளியில் கணக்குப் பாடம் நடத்தியவன். பெரிய கணக்கைச் சிறிய கணக்காக உடைத்தால்தான் எனக்குக் கை ஓடும். அதனால் ஒரு வாய்க்காலில் தொடங்குகிறேன்.

பொந்தியானுக்கு முதல்முறை வருகிறவர் கண்ணில் படுவது ஊர்ப் பெயர்ப்பலகைகள். ஒன்று விட்டு ஒன்று 'பாரிட்' என்று தொடங்கும். மலாயில் பாரிட் என்றால் வாய்க்கால். சதுப்பும் கடலோரக் காடுமாகக் கிடந்த இந்தக் கரைக்கு ஜாவாவிலிருந்தும் பூகிஸ் நாட்டிலிருந்தும் வந்தவர்கள் வாய்க்கால் வெட்டினார்கள், நீரை வடித்தார்கள், தென்னை வைத்தார்கள். வெட்டுவதற்கு முன்னின்ற மனிதரின் பெயரே பல வாய்க்கால்களுக்கு நிலைத்தது. வாய்க்காலின் பெயர் பிறகு ஊரின் பெயராயிற்று. அந்தக் காலத்தில் தண்ணீர் வடியவில்லை என்றால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கும்.

இன்று யார் கதவைத் தட்டுவது? நம் அரசமைப்புச் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணை அதிகாரங்களை மூன்று பட்டியலாகப் பிரிக்கிறது. கல்வி, மருத்துவம், குடியுரிமை எல்லாம் கூட்டரசுப் பட்டியலில். நிலமும் உள்ளாட்சியும் மாநிலப் பட்டியலில். வடிகாலும் நீர்ப்பாசனமும் பொதுப் பட்டியலில். இரண்டு அரசுக்கும் உரியது என்று பொருள். நடைமுறையில், இவர் அவரைக் காட்டவும் அவர் இவரைக் காட்டவும் வசதியானது என்று பொருள்.

'அழுத பிள்ளைக்குத்தான் பால்' என்பார்கள். அந்தப் பிள்ளைக்கு ஒரே தாய். நமக்கு மூன்று தாய்: கூட்டரசு, மாநிலம், நகராண்மைக் கழகம். எந்தத் தாயிடம் அழுவது என்று தெரியாமல் நடுக்கூடத்தில் நின்று அழுதால், தொண்டைதான் கட்டும். இன்று மாலை நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்: அழுவதற்கு முன்னால் தாயைத் தெரிந்துகொள்ளுங்கள்.

நான் கற்ற பாடம்

பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு மாவட்டத்தில் வேலை பார்த்தேன். எங்கள் தாமானின் (குடியிருப்பின்) பின்புறத்து வாய்க்கால் பெருமழைக்குப் பெருமழை அடுப்படிக்குள் வந்துவிடும். படித்தவன் என்று பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். மூன்று பக்கத்தில் ஒரு மகஜர் எழுதினேன். வாய்க்கால், தெருவிளக்கு, தெருநாய், குப்பை, விளையாட்டுத் திடல் என்று பதினொரு குறைகள். இருநூறு கையெழுத்து. ஓர் அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தோம், படமும் எடுத்துக்கொண்டோம். எட்டு மாதம் ஒரு வரி பதில் இல்லை. அடுத்த அலுவலகத்துக்குப் போனோம். அங்கே தேநீர் கொடுத்தார்கள்.

மூன்றாவது அலுவலகத்தில் முன்மேசை அம்மா ஒருவர் என் மகஜரைப் பொறுமையாகப் புரட்டிவிட்டு மலாயில் கேட்டார்: "சிக்கு (ஆசிரியரே), இது யாருடைய வாய்க்கால்?" எனக்குத் தெரியவில்லை. மூன்று பக்கம் எழுதியவனுக்கு அது தெரியவில்லை. அவரே வரைபடத்தை எடுத்துப் பார்த்தார். வாய்க்காலின் மேல்பாதி ஓர் இலாகாவுடையது, சாலைக்கு அடியில் போகும் குழாய் இன்னொன்றுடையது. குழாய் குறுகல், அதனால் மேலே தேங்குகிறது.

மறுவாரம் அரைப்பக்கக் கடிதம் எழுதினோம். ஒரே கோரிக்கை: அந்தக் குழாயை அகலப்படுத்துங்கள். இந்த முறை நாங்கள் மட்டும் போகவில்லை. முனையில் இரும்புக்கடை வைத்திருந்த சீனரும் சூராவ் (சிறு தொழுகைக்கூடம்) செயற்குழுவைச் சேர்ந்த இருவரும் உடன் வந்தார்கள். அவர்கள் வீட்டிலும் அதே தண்ணீர்தான் புகுந்தது. நான்கு மாதத்தில் வேலை நடந்தது. இருநூறு கையெழுத்து செய்யாததை ஒரு கேள்விக்கான விடை செய்தது.

எண்ணிக்கை எவ்வளவு தூரம் வரும்?

'நம்மிடம் ஓட்டு இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம்' என்று நம்மில் பலர் சொல்வார்கள். கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

பொந்தியான் மாவட்டத்தில் நாடாளுமன்றத் தொகுதி இரண்டு: பொந்தியான், தஞ்சோங் பியாய். 2018 மே 9 பொதுத்தேர்தலில் பொந்தியானில் டத்தோஸ்ரீ அகமட் மஸ்லான் 833 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். தஞ்சோங் பியாயில் டாக்டர் முகமட் ஃபாரிட் வென்றது 524 வாக்கு வித்தியாசத்தில். தஞ்சோங் பியாயில் அப்போது சுமார் 53,000 வாக்காளர்கள், அதில் இந்தியர் நூற்றுக்கு ஒருவர். அதாவது ஏறத்தாழ 530 பேர். வெற்றியைத் தீர்த்தது 524. நாம் 530.

நிமிர்ந்து உட்காரத் தோன்றுகிறது, இல்லையா? கொஞ்சம் பொறுங்கள். டாக்டர் ஃபாரிட் மறைந்ததால் 2019 நவம்பர் 16இல் இடைத்தேர்தல் வந்தது. டத்தோஸ்ரீ வீ ஜெக் செங் வென்றார். வித்தியாசம் 15,086. பதினெட்டு மாதத்தில் நம் 530 பேர் கணக்கிலிருந்தே காணாமல் போனார்கள். நாம் எங்கும் போகவில்லை. காற்று மாறியது.

ஓட்டின் கணக்கு இப்படித்தான். அலை வரும்போது கரையோரத்துக் கூழாங்கல்லுக்கும் மதிப்பு வரும், அலை திரும்பினால் போய்விடும். நூற்றுக்கு ஒருவராக இருக்கும் சமூகம் தேர்தலை மட்டும் நம்பினால் ஐந்தாண்டுக்கு ஒரு முறை சீட்டுக் குலுக்கிப் பார்ப்பது போலத்தான். இரண்டு தேர்தலுக்கு நடுவே இருக்கிற ஆயிரத்து எண்ணூறு நாளில் என்ன செய்கிறோம் என்பதே நம் கையில் இருக்கிறது.

எவர் வீட்டுப் பிள்ளை?

சாலையில் குழி. யாரிடம் போவது? சாலையின் எண்ணைப் பாருங்கள். ஸ்கூடாயிலிருந்து பொந்தியான் வழியாகப் பத்து பகாட் போகும் 5ஆம் எண் சாலை கூட்டரசுச் சாலை. எண்ணுக்கு முன் 'ஜே' என்ற எழுத்து இருந்தால் ஜொகூர் மாநிலச் சாலை. தாமானுக்குள் இருக்கும் தெரு பெரும்பாலும் நகராண்மைக் கழகத்தின் பொறுப்பு. கிலோமீட்டர் கல்லைப் பார்க்க ஒரு நிமிடம் போதும். பார்க்காமல் போனால் எட்டு மாதம் போகும்.

தமிழ்ப்பள்ளிக்கு ஆசிரியர் வேண்டும் என்றால் அது கல்வி அமைச்சு, நாடாளுமன்ற உறுப்பினரின் வழி. அதே பள்ளிக்கு நிலம் வேண்டும் என்றால் அது மாநிலம், சட்டமன்ற உறுப்பினரின் வழி. கோயில் நிலமும் அப்படியே. பெனுட், பூலாய் செபாத்தாங், பெக்கான் நனாஸ், குக்குப் என்று நான்கு சட்டமன்றத் தொகுதிகள் இங்கே இருக்கின்றன. நீங்கள் எதில் இருக்கிறீர்கள் என்று கை தூக்கச் சொன்னால் எத்தனை கை உயரும் என்று எனக்குச் சந்தேகம்தான்.

நகராண்மைக் கழகம் வேறு கதை. அங்கே உட்காருகிறவர்களை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. 1965இல் உள்ளாட்சித் தேர்தலை நிறுத்தினார்கள். அதே காலத்தில் உள்ளாட்சிகளை ஆராய ஓர் அரச ஆணையம் அமைந்தது. அதன் தலைவர் நம்மவர், செனட்டர் ஆதி நாகப்பன். உள்ளாட்சி மன்றங்கள் மக்கள் தேர்ந்தெடுத்த மன்றங்களாகவே இருக்க வேண்டும் என்று அந்த ஆணையம் பரிந்துரைத்தது. அரசு ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் தேர்தலை முடித்துவைத்தது. எட்டுக்குக் குறையாமல் இருபத்துநான்குக்கு மேற்போகாமல் உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது.

நாம் தேர்ந்தெடுக்காதவரிடம் எப்படிக் கேட்பது? அதே சட்டத்தின் 23ஆம் பிரிவு ஒரு சன்னலைத் திறந்து வைத்திருக்கிறது. கழகத்தின் கூட்டங்கள் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளருக்கும் திறந்தவை. தீர்மானம் போட்டு மூடினால்தான் மூடியதாகும். போய் உட்காரலாம். நகர, ஊரகத் திட்டமிடல் சட்டமும் அப்படித்தான். மாவட்டத்துக்கு உள்ளூர்த் திட்டத்தின் வரைவு தயாரானால் அதை மக்கள் பார்வைக்கு வைத்து, ஆட்சேபம் சொல்லக் குறைந்தது நான்கு வாரம் கொடுக்க வேண்டும். எந்த நிலம் வீடு, எந்த நிலம் தொழிற்சாலை, எந்த நிலம் வழிபாட்டுக்கு என்று அங்கேதான் வண்ணம் தீட்டப்படுகிறது. அந்த நான்கு வாரத்தில் நாம் எங்கே இருந்தோம் என்று கேட்டால் பதில் சங்கடமானது. புல்டோசர் வந்த பிறகு மகஜர் எழுதுவதைவிட, வண்ணம் காய்வதற்கு முன்னால் அரைப்பக்கம் எழுதுவது எளிது.

பந்திக்கு முந்து

காலத்துக்கு வருகிறேன். கூட்டரசு வரவுசெலவுத் திட்டம் பொதுவாக அக்டோபரில் தாக்கலாகிறது, ஜொகூர் மாநிலத்தினுடையது நவம்பரில். இலாகாக்கள் தங்கள் தேவைப் பட்டியலை அதற்குப் பல மாதம் முன்பே எழுதி அனுப்பிவிடுகின்றன. நாமோ, தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பில் நம் மக்கள் பிரதிநிதியான ஒய்பியின் சட்டைப்பையில் கடிதத்தைச் செருகுகிறோம். இலை எடுத்த பிறகு சோறு கேட்பது அது. பெரிய செலவுள்ள கோரிக்கை என்றால் ஆண்டின் தொடக்கத்திலேயே போய்விடுங்கள்.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாது. ஒரே கோரிக்கை. நாள் குறித்த படம் நான்கு. இடத்தைக் காட்டும் வரைபடம். எத்தனை வீடு பாதிக்கப்படுகிறது என்ற எண். கடைசி வரியில், என்ன செய்ய வேண்டும் என்று தெளிவாக ஒரு வினைச்சொல்: அகலப்படுத்துங்கள், மாற்றுங்கள், நாடாளுமன்றத்தில் கேள்வி கேளுங்கள். 'ஆவன செய்யுங்கள்' என்று எழுதாதீர்கள். ஆவன எவை என்று அவருக்கும் தெரியாது.

நகலில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்குங்கள். இணையத்தில் புகார் செய்தால் எண் கொடுப்பார்கள், அதைக் குறித்து வையுங்கள். மூன்று வாரம் கழித்து அந்த எண்ணைச் சொல்லித் தொலைபேசியில் கேளுங்கள். பிறகு மறுபடியும் மூன்று வாரம். கோபப்பட வேண்டாம், மறக்காமல் இருந்தால் போதும். அலுவலகங்களில் ஆள் மாறுவார்கள், ஒய்பி மாறுவார், ஆட்சியே மாறும். 2018க்கும் 2022க்கும் இடையில் ஜொகூர் எத்தனை மாநில முதல்வர்களை, அதாவது மந்திரி பெசார்களைப் பார்த்தது என்று எண்ணிப் பாருங்கள். கோப்பு நம்மிடம் இருந்தால் புது ஆளிடம் விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம்.

சேவை மையத்தில் ஒய்பியைத்தான் பார்ப்பேன் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். அவருடைய உதவியாளர்தான் உங்கள் கோப்பை மேசையின் மேலே வைப்பவர், அடியிலே வைப்பவரும் அவரே. வேலை நடந்தால் ஒரு நன்றிக் கடிதம் போடுங்கள். குறை சொல்ல மட்டும் வரும் ஊர் என்ற பெயர் வாங்கினால் அடுத்த முறை கதவு மெல்லத்தான் திறக்கும்.

இப்படி நேரில் போய்க் கேட்பது புதிதல்ல. பிரிட்டனின் நாடாளுமன்றத்தில் நடுமுற்றக் கூடம் ஒன்று உண்டு. இன்றைக்கும் ஒரு குடிமகன் அங்கே போய், ஒரு பச்சை அட்டையை நிரப்பிக் கொடுத்து, தன் தொகுதி உறுப்பினரைப் பார்க்க வேண்டும் என்று கேட்கலாம். 'லாபி' என்ற சொல்லே அப்படிப்பட்ட கூடத்தைக் குறிக்கும் சொல்தான். நம் நாட்டில் அந்தச் சொல்லுக்குக் கெட்ட வாடை வந்துவிட்டது. குத்தகைக்கு அலைகிறவர்களின் சொல்லாகிவிட்டது.

அதற்கு நாமும் பொறுப்பு. நம் ஆள்கள் சேவை மையத்துக்குப் போவது பெரும்பாலும் ஆதரவுக் கடிதம் வாங்கத்தான்: பிள்ளைக்கு இடம், மருமகனுக்கு வேலை, மச்சானுக்கு பெர்மிட். கஷ்டத்தில் இருப்பவர் உதவி கேட்பதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒருவருக்குக் கிடைத்த சலுகை அவரோடு போய்விடும், அதற்காக அவர் கடன்பட்டவரும் ஆவார். அகலமான குழாய் தெருவுக்கே கிடைக்கும், யாரும் யாருக்கும் கடன்பட வேண்டியதில்லை. உறை கொடுத்துக் காரியம் சாதிக்கலாம் என்று யாராவது காதோடு சொன்னால், 2009ஆம் ஆண்டின் ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தில் வாங்குபவரோடு கொடுப்பவரும் குற்றவாளியே என்பதை அவருக்கு நினைவூட்டுங்கள்.

கேட்டுப் பெற்றவர்கள்

'இதெல்லாம் குழாய்க்கும் குழிக்கும் சரி, பெரிய காரியம் நடக்குமா?' என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. மூன்று கதை சொல்கிறேன்.

முதலாவது பழைய கதை. 1950களில் மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்தது. அங்கே இந்தியவியல் துறை தொடங்கும் பேச்சு வந்தபோது, அதில் சமஸ்கிருதத்துக்கே முதலிடம் என்ற கருத்து வலுவாக இருந்தது. 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி எதிர்த்து எழுதினார். எழுதியதோடு நிற்கவில்லை. 'தமிழ் எங்கள் உயிர்' என்று ஒரு நிதியைத் திரட்டினார். பால்மரம் வெட்டியவர்களும் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும் சிறுகடைக்காரர்களும் கொடுத்த காசு அது. 1956இல் துறை வந்தது, தமிழோடு வந்தது. துறை பின்பு கோலாலம்பூருக்கு வந்தது. தனிநாயகம் அடிகள் அதன் தலைவரானார். 1966இல் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் கூடியது. சாரங்கபாணி கோரிக்கையோடு பாதிச் சுமையையும் தலையில் தூக்கிக்கொண்டு போனார். 'பணம் இல்லை, நூல் இல்லை' என்று சொல்ல எதிர்த்தரப்புக்கு இடம் வைக்கவில்லை. நம் தெருவுக்கும் இது பொருந்தும். இடத்தை நாங்களே அளந்துவிட்டோம், வாய்க்கால் ஓரத்து வேலியை நாங்களே அகற்றித் தருகிறோம் என்று சொல்லிப் பாருங்கள், எதிரில் இருப்பவரின் முகம் மாறும்.

இரண்டாவது, இங்கே கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் இளையோரின் கதை. வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18ஆகக் குறைக்க வேண்டும் என்று 2016இல் சில மாணவர்கள் கிளம்பினார்கள். 'உண்டி 18' இயக்கம். அதைத் தொடங்கியவர்களில் தர்மா பிள்ளையும் ஒருவர். ஆளும் தரப்பு, எதிர்த்தரப்பு என்று பாராமல் இருபக்கமும் ஏறி இறங்கினார்கள். 2019 ஜூலை 16இல் அரசமைப்புத் திருத்தம் 211 வாக்குகளோடு, எதிர்ப்பு ஒன்றுகூட இல்லாமல் நிறைவேறியது. அத்தோடு முடிந்ததா? 2021 மார்ச்சில், நடைமுறைக்கு வர 2022 செப்டம்பர் வரை ஆகும் என்றது தேர்தல் ஆணையம். இளையோர் சிலர் நீதிமன்றம் போனார்கள். 2021 டிசம்பர் இறுதிக்குள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று கூச்சிங் உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. டிசம்பர் 15இல் வந்தது. சட்டம் நிறைவேறிய நாளில் படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தால் அது தாளில்தான் இருந்திருக்கும்.

அந்த உரிமையோடு நடந்த முதல் தேர்தல் எது தெரியுமா? நம் ஜொகூர் மாநிலத் தேர்தல், 2022 மார்ச் 12. வாக்காளர் பட்டியல் சுமார் 26 லட்சமாகப் பெருகியிருந்தது. வாக்களித்தவர் நூற்றுக்கு 55 பேர்கூட இல்லை. தம்பிமார்களே, தங்கச்சிமார்களே, உங்களுக்காக ஐந்தாண்டு அலைந்தவர்களும் உங்கள் வயதுப் பிள்ளைகள்தான். இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாவது, இரண்டாம் பாலத்தைக் கடந்து தினமும் சிங்கப்பூர் போய்வரும் பொந்தியானுக்கு நெருக்கமானது. வெளிநாட்டவரை மணந்த மலேசியத் தாய், வெளிநாட்டில் பிள்ளை பெற்றால் அந்தப் பிள்ளைக்குத் தானாகக் குடியுரிமை கிடைக்காமல் இருந்தது. தந்தை மலேசியரானால் கிடைத்தது. தாய்மார்கள் நீதிமன்றம் ஏறினார்கள், நாடாளுமன்ற உறுப்பினர்களிடமும் போனார்கள். எடுத்துச் சென்றது தங்கள் வீட்டுக் கதை: பள்ளியில் சேராத பிள்ளை, விசா தீரும் நாளை எண்ணும் தாய். 2024 அக்டோபர் 17இல் திருத்தம் 206 வாக்குகளோடு மக்களவையில் நிறைவேறியது. அதே தொகுப்பில் கைவிடப்பட்ட குழந்தைகளின் குடியுரிமையைப் பறிக்கக்கூடிய திருத்தம் ஒன்றும் இருந்தது. எதிர்ப்பு எழுந்ததும் அரசு அதை விலக்கிக்கொண்டது. நமக்கு வேண்டியது கிடைக்கிறதே என்று அவர்கள் மற்றக் குழந்தைகளை விட்டுவிடவில்லை.

சாலையில் இறங்கிய கதையும் நமக்கு உண்டு. ஹிண்ட்ராஃப் பேரணி நடந்த 2007 நவம்பர் 25ஐ இந்த அவையில் மறந்தவர் இருக்க மாட்டார். அடுத்த ஆண்டு மார்ச் 8இல் ஆளும் கூட்டணி மூன்றில் இரண்டு பெரும்பான்மையை இழந்தது. பூட்டிய கதவு திறக்க அப்படி ஒரு நாள் வேண்டியிருந்தது. கதவு திறந்த பிறகு உள்ளே போய் மேசையில் உட்கார, கோப்போடு ஆள் வேண்டும். அந்த இரண்டாம் வேலைக்கு நாம் எத்தனை பேரைத் தயார் செய்தோம் என்பது என்னை நெடுநாள் உறுத்தும் கேள்வி.

முடிவாக

நூற்றுக்கு ஒருவராக இருப்பவர்கள் என்ன கேட்டால் கிடைக்கும்? தனக்கு மட்டும் கேட்டால் நூற்றில் ஒரு குரல். பக்கத்து வீட்டு மலாய்க்காரருக்கும் எதிர்வீட்டுச் சீனருக்கும் சேர்த்துக் கேட்டால், தெருவின் குரல். பள்ளியும் கோயிலும் நமக்கே உரிய கோரிக்கைகள், அவற்றை நாம்தான் கேட்க வேண்டும். ஆனால் வாய்க்காலுக்காகச் சேர்ந்து நடந்த பழக்கம் இருந்தால், பள்ளிக்காகப் போகும் நாளிலும் அந்த இரும்புக்கடைக்காரர் உடன் வருவார். எங்களோடு வந்தார்.

உங்கள் கையில் இன்றைய நிகழ்ச்சியின் அழைப்பிதழ் இருக்கிறது. பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது, அச்சகத்தாருக்கு நன்றி. வீட்டுக்குப் போவதற்கு முன் அதில் மூன்று வரி எழுதுங்கள். உங்கள் தெருவில் சரிசெய்ய வேண்டிய ஒன்று. அது யாருடைய வாய்க்கால். உங்களோடு வரப்போகும் மூவரின் பெயர், அதில் ஒருவராவது வேறு இனத்தவர். இரண்டாம் வரிக்கு விடை தெரியவில்லை என்றால் வெட்கப்பட வேண்டாம். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு மேல் அலுவலகம் திறந்திருக்கும். போய்க் கேளுங்கள்.